ராத்தாவின் மேல்தாடை

கல்முனை பிரதான வீதியில் ஒரு பல் கிளினிக்கின் பின்னறையில் ஜெனூபா பதினான்கு வருடம் கட்டுப்பல் செய்தாள். முன்னறையில் வைத்தியர் பிடுங்குவார்; பின்னறையில் இவள் அதற்கு மாற்றுப் பல் செய்து கொடுப்பாள். அச்செடுத்து, மெழுகில் பல் நட்டு, பிளாஸ்டருக்குள் வைத்து அவிக்கும் வேலை. அவிந்து முடிந்ததும் இறுகிப்போன பிளாஸ்டரை உடைத்து, உள்ளே இருக்கும் பல் செட்டைச் சேதமில்லாமல் எடுக்க வேண்டும். அவசரப்பட்டால் பல் தெறிக்கும். அந்தப் பதினான்கு வருடத்தில் அவள் கையில் தெறித்தவை மூன்றே மூன்று பற்கள். மூன்றும் யாருக்காகச் செய்தவை என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்லுவாள்.

காரைதீவைச் சேர்ந்த பவிதரன் அந்தக் கிளினிக்குக்கு வந்தது உடைந்த கடைவாய்ப் பல்லோடு. ஒலுவில் பல்கலைக்கழக வளாகத்தில் புவியியல் படிப்பிக்கும் விரிவுரையாளர். அன்று கூட்டம் அதிகம். காத்திருந்து சலித்து, காற்றுக்காக நடைபாதைப் பக்கம் வந்தவர், திறந்திருந்த பின்னறைக் கதவு வழியாக ஜெனூபாவைக் கண்டார். அவள் ஒரு சிறு ஊசியால் பிளாஸ்டரைத் துகள் துகளாக எடுத்துக்கொண்டிருந்தாள். உள்ளே இளஞ்சிவப்பு ஈறும் பல்லும் மெல்ல வெளியே வந்தன. அவர் பல்வலியை மறந்து இருபது நிமிடம் நின்றார்.

மறுநாள் மறுபடி வந்தார். கையில் பழைய துவாயில் சுற்றிய, ஒரு பிடி அளவு கல். கல்லின் ஓரத்தில் மண்ணிறத்தில் ஒரு கோடு.

"இதுக்குள்ள ஒரு எலும்பு இருக்கு. எலும்புல கீறல் படாம கல்லை மட்டும் எடுக்க ஏலுமா?" என்று கேட்டார்.

ஜெனூபா கல்லைத் தொடவில்லை. "மனிசர எலும்பா சேர்?"

"இல்ல, இல்ல. மனிசர் பூமிக்கு வாறதுக்கு எவ்வளவோ முந்தின எலும்பு."

நான்கு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவள் அந்தக் கல்லோடு இருந்தாள். ஐந்தாம் நாள் பவிதரன் வந்தபோது, பஞ்சு விரித்த ஒரு சிறிய பெட்டியில் விரல் நீள எலும்பு ஒன்று கிடந்தது. அவர் பூதக்கண்ணாடியை எடுத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பிறகு அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"நாங்க ரெண்டு எலும்பை உளியால நாசமாக்கிப்போட்டு இருக்கிறம்" என்றார்.

விஷயம் இதுதான். மூன்று வருடத்துக்கு முன் புத்தளம் மாவட்டத்தில், ஓட்டுத் தொழிற்சாலைக்கு மண் அள்ளும் ஒரு குழியில் பவிதரனும் மாணவர்களும் எலும்புகளைக் கண்டிருந்தார்கள். இலைகளின் உயிர்ச்சுவடு தேடிப் போனவர்களுக்குக் கிடைத்தது டைனோசர். முப்பத்தொரு கற்பாளங்கள், பிளாஸ்டர் சுற்றி, லொறியில் ஒலுவிலுக்கு வந்து, வளாகத்தின் கடல் பார்த்த ஒரு பழைய களஞ்சிய அறையில் கிடந்தன. திறக்கத் தெரிந்த ஆள்தான் இல்லை.

பவிதரன் ஒப்பந்த வேலைக்குக் கூப்பிட, ஜெனூபா கிளினிக்கை விட்டு அந்த அறைக்குப் போக முடிவெடுத்தபோது சாய்ந்தமருதில் அவள் வீட்டார் எல்லாருமே தலையைப் பிடித்தார்கள், கணவன் நஸீமைத் தவிர. நஸீம் கல்முனை பசாரில் கைத்தொலைபேசி திருத்தும் கடை வைத்திருப்பவன். தன் கடையின் உருப்பெருக்கி விளக்கைக் கழற்றி ஓட்டோவில் ஏற்றி, ஒலுவில் அறையில் தானே பொருத்திக் கொடுத்துவிட்டு வந்தான்.

"நம்மட ஊர்ல டைனோசரத் தொட்ட பொம்புள நீ மட்டுந்தான் புள்ள. போ" என்றான்.

*

அறையில் அவளோடு வேலை செய்தவர் கனகரெத்தினம். திருக்கோவில்காரர், ஐம்பத்தாறு வயது, ஆய்வுகூட உதவியாளர். பெட்டிகளைத் தூக்குவது, எண் பதிவது, பசை கலக்குவது எல்லாம் அவர் பொறுப்பு. பாளங்கள் இருந்த பெட்டிகளுக்கு ஏ.என். 1 முதல் ஏ.என். 31 வரை இலக்கம். பதினான்கையும் நாற்பதையும் குழப்பிக்கொண்டு, நாற்பதாம் இலக்கப் பெட்டியே இல்லையென்று அரை நாள் தேடிய சரித்திரம் அவருக்கு உண்டு.

பெரிய பாளத்தை முதன்முதல் திறந்த நாளில் ஜெனூபாவின் மின் கைத்துருவி கல்லுக்குள் இறங்கும்போது பாளம் முழுதும் அதிர்ந்தது. கிளினிக்கில் செட்டு மாட்ட வரும் வயதான பெண்களிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய், அவளை அறியாமலே சொல்லிவிட்டது.

"கொஞ்சம் பொறுங்க ராத்தா. இந்தா முடிஞ்சிடும்."

கனகரெத்தினம் பசைக் கோப்பையைக் கீழே வைத்தார். "ஆரோட கதைக்கிறீங்க?"

ஜெனூபாவுக்கு வெட்கமாகிவிட்டது. "இதோடதான். வாய் தவறி வந்திட்டு."

"ராத்தா எண்டா அக்கா தானே?"

"ஓம். எங்கட ஆக்கள் மூத்த சகோதரியை அப்பிடித்தான் கூப்பிடுற."

"மூத்ததுதான்" என்றார் கனகரெத்தினம் பாளத்தைப் பார்த்து. "பதினாறு கோடி வருசம் மூத்தது. ஐம்பத்தாறு வயசில எனக்கும் ஒரு ராத்தா."

அடுத்த நாள் காலையில் அவர் கேட்ட முதற் கேள்வி, "இண்டைக்கு ராத்தாட எந்தப் பெட்டி?" என்பதுதான். ஒரு கிழமைக்குள் பவிதரனும் அப்படியே சொன்னார். காலி, மாத்தறைப் பக்கமிருந்து வந்த சிங்கள மாணவர்களும் சொன்னார்கள். ராத்தாவின் தொடை எலும்பு, ராத்தாவின் முள்ளந்தண்டு, ராத்தாவின் பாதம். பெட்டி இலக்கத்தைக் குழப்பியவர்கள் இப்போது எதையும் குழப்பவில்லை. யாரோ ஒரு மாணவி வெண்பலகையில் பெரிதாக 'ராத்தா' என்று எழுதி, அதன் கீழே எலும்புக்கூட்டின் வடிவம் வரைந்து, கிடைத்த எலும்புகளுக்கு மட்டும் நீலம் அடித்துவைத்தாள். நீலம் மாதா மாதம் கூடியது.

ராத்தா பெரிய உருவம் இல்லை. ஒரு கன்றுக்குட்டி அளவு. இரண்டு காலில் நடந்து, இலை தழை தின்ற சாது. ஊரில் கேட்பவர்களுக்கு ஜெனூபா இதைச் சொன்னால் அவர்கள் முகம் விழுந்துவிடும். கடித்துக் குதறும் ஒன்றைத்தான் எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவளுக்கு அதில் குறை ஒன்றும் தோன்றவில்லை. பதினாறு கோடி வருடம் ஒருவரும் பார்க்காத ஒரு பிராணியின் விரல் நகம் தன் ஊசி முனையில் முதல்முறை வெளிச்சத்துக்கு வருகிறது என்பதே அவளுக்குப் போதுமாக இருந்தது. சில நாட்களில் பின்னேர அஸர் தொழுகைக்கு எழும்பும்போதுதான் மதியச் சாப்பாடு பையிலேயே இருப்பது நினைவுக்கு வரும்.

*

வேலை தொடங்கிய எட்டாம் மாதம் பேராசிரியர் சிவரூபினி வந்தார். மட்டக்களப்பில் பிறந்து, முப்பது வருடமாக ஆஸ்திரேலியாவில் ஒரு அருங்காட்சியகத்தில் டைனோசர்களோடு வாழ்பவர். குட்டை முடி, காற்சட்டை, சுருக்கமான பேச்சு. பவிதரன் கேட்டுக்கொண்டதால் ஆய்வுக்குத் தலைமை ஏற்றிருந்தார். ஜெனூபா சுத்தம் செய்த எலும்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தவர், "இந்த வேலையை ஆர் செஞ்ச?" என்று மட்டும் கேட்டார். ஜெனூபா கையை உயர்த்தினாள். "நல்லம்" என்றார். அந்த ஒரு சொல்லை அவர் இலகுவில் சொல்ல மாட்டார் என்று பவிதரன் பிறகு சொன்னார்.

அன்று ஏ.என். 14 பெட்டியிலிருந்து எடுத்த தாடைத் துண்டு ஒன்றும் மேசையில் இருந்தது. ஆறு பற்கள். அப்போது ஒரு பக்கம்தான் வெளியே தெரிந்தது. மறுபக்கம் இன்னும் கல்லுக்குள். பேராசிரியர் அதைக் கீழ்த்தாடை என்று குறித்தார். இந்தியாவில் முன்பே கிடைத்து, பேர் வைத்த ஒரு டைனோசரின் கீழ்த்தாடையைப் போல இருக்கிறது என்றார். அந்தப் பிராணிகளின் பல் எப்படி விழுந்து முளைக்கும் என்று ஜெனூபா கேட்டபோது பொறுமையாகச் சொன்னார்: ஆயுசு முழுக்க விழுந்து விழுந்து முளைக்கும், புதுப் பல் எப்போதும் நாக்குப் பக்கத்திலிருந்துதான் வரும்.

பிறகு பலகையைப் பார்த்தார்.

"இது என்ன?"

பவிதரன் விளக்கினார். பேராசிரியர் சிரிக்கவில்லை.

"வாயால எப்படியும் கூப்பிடுங்க. எல்லா இடத்திலும் கூப்பிடுறதுதான். ஆனா எழுதி வைக்காதீங்க. ஒருத்தர் படமெடுப்பார், படம் வெளியில போகும், பத்திரிகைக்காரன் ஒரு பேரைப் போட்டு அடிச்சிடுவான். விஞ்ஞானப் பேர் எண்டது பிறப்புப் பதிவு மாதிரி. விவரத்தோட அச்சில வாற நாள்தான் அது பிறக்கிற நாள். அதுக்கு முந்தி வெளியில உலாவுற பேர் பேரே இல்ல, தொல்லை. அதோட, இது இந்தியாவில கிடைச்ச அதே இனமா இருந்தா இதுக்குப் பேர் ஏற்கனவே இருக்கு."

அவரே துணியை எடுத்துப் பலகையைத் துடைத்தார். எலும்புக்கூட்டின் நீலம் மட்டும் மிஞ்சியது. யாருக்கோ ஏற்கனவே வைத்த பேர் ராத்தாவுக்கு வரும் என்று நினைக்க ஜெனூபாவுக்கு என்னவோ போலிருந்தது. அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை.

*

விஷயம் வெளியே போனது பலகையால் அல்ல, நஸீமால்.

தாடையின் மறுபக்கத்தையும் சுத்தம் செய்து முடித்த நாள், ஜெனூபா தன் கையில் அதை வைத்து ஒரு படம் எடுத்து நஸீமுக்கு அனுப்பினாள். அவன் பார்த்துவிட்டு அழித்துவிடுவான் என்பது பேச்சு. ஆனால் அவனுக்கு அழிக்க மனம் வரவில்லை. கடைக்கு வந்த ஒரு வாடிக்கையாளனிடம், "பாருங்க, இது எங்கட வீட்டுக்காரிட கை, கையில இரிக்கிறது டைனோசர் ராத்தா" என்று காட்டினான். வந்தவன் கேட்டான் என்று அனுப்பியும் வைத்தான். அவன் ஒரு முகநூல் செய்திப் பக்கம் நடத்துபவன் என்பது நஸீமுக்குத் தெரியாது.

'கல்முனைப் பெண் கண்டெடுத்த டைனோசர் ராத்தா!' என்று தலைப்பு. படம். அவள் ஊர் சாய்ந்தமருது என்பது அதில் இல்லை; ஒலுவில் கடற்கரையில் கிடைத்தது என்று ஒரு பொய்யும் சேர்ந்திருந்தது. அன்று பின்னேரமே ஒலுவில் கரையில் நாலு பேர் மண்வெட்டியோடு நின்றார்கள். மறுநாள் வளாக வாசலில் மோட்டார் சைக்கிள்கள். ஒரு குடும்பம் அக்கரைப்பற்றிலிருந்து வேன் பிடித்து, டைனோசர் பார்க்கப் பிள்ளைகளோடு வந்து இறங்கியிருந்தது.

பவிதரனின் தொலைபேசியில் பேராசிரியரின் குரல் அறை முழுக்கக் கேட்டது. அறையைப் பூட்டுங்கள், நான் வரும்வரை ஒருவரும் எதையும் தொட வேண்டாம். பவிதரன் திரும்பி ஜெனூபாவைப் பார்த்தார். குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

வீட்டுக்கு வந்து அபாயாவைக்கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்தாள். நஸீம் கடையை நேரத்தோடு அடைத்துவிட்டு வந்து, கதவடியிலேயே நின்றான்.

"நான் ஒண்டும் நெனச்சிச் செய்யல்ல ஜெனூ. பெருமையில காட்டிட்டன்."

"தெரியும்."

"ஏசு."

"ஏசினா என்ன வரப்போகுது?" என்றாள். "என்ட வேலை போனாலும் பரவால்ல. மத்த ஆக்கள் மூணு வருசம் பட்ட பாடு வீணாப் போனா நான் என்ன செய்யிற?"

அவன் அந்தச் செய்திப் பக்கக்காரனைத் தேடிப்போய், கெஞ்சி, பதிவை எடுக்க வைத்தான். ஆனால் அதற்குள் நாலாயிரம் பேர் பகிர்ந்திருந்தார்கள்.

பேராசிரியர் வர இரண்டு கிழமை இருந்தது. அந்த இரண்டு கிழமையும் ஜெனூபாவின் கைகளுக்கு வேலை இல்லை. நாலாம் நாள், நஸீமுக்குச் சோறு கொண்டுபோனவள் கடையில் உட்கார்ந்தாள். மேசையில் பெரிய கணினித் திரை இருந்தது. நடந்தது நடந்துவிட்டது, அந்தப் படத்தையாவது ஒழுங்காகப் பார்ப்போம் என்று சொல்லித் திரையில் போடச் சொன்னாள். பெரிதாக்கு என்றாள். இன்னும் பெரிதாக்கு என்றாள்.

ஒரு பல் ஒரு சாண் அளவுக்கு வந்தது. பல்லின் உச்சியில், சப்பிச் சப்பித் தேய்ந்து வழவழத்த ஒரு சாய்வு. அதே பக்கத்தில், இரண்டு பற்களின் அடியில், எட்டிப் பார்க்கும் ஒரு புதுப் பல்லின் முனை.

ஜெனூபா சோற்றுப் பாத்திரத்தை ஒதுக்கி வைத்தாள். தன் வாயை மூடிப் பற்களைக் கடித்துப் பார்த்தாள். பிறகு நஸீமின் முகத்துக்கு நேரே வந்து, "இஞ்சருங்க, பல்லக் கடிங்க. உதட்டத் தூக்குங்க" என்றாள்.

கடைக்கு வந்திருந்த ஒருவர் இதை வாய் பிளந்து பார்த்தார். நஸீம் ஒன்றும் கேட்காமல் உதட்டைத் தூக்கினான்.

*

பேராசிரியர் வந்த அன்று அறையில் ஐந்து பேர் இருந்தார்கள். அவர், பவிதரன், கனகரெத்தினம், பேராசிரியரோடு வந்திருந்த இன்னொரு ஆராய்ச்சியாளர், ஜெனூபா. படம் எப்படிப் போனது என்று பேராசிரியர் கேட்டார். ஜெனூபா எதையும் மறைக்கவில்லை. எடுத்தது நான், அனுப்பினது நான், என் வீட்டுக்காரர் மேல் பழி போட ஏலாது என்றாள்.

பேராசிரியர் தன் கதிரையை மேசைக்கு அருகே இழுத்தார். "நல்லகாலம், விஞ்ஞானப் பேர் ஒண்டும் போகல்ல. செல்லப் பேர்தான் போயிருக்கு. சமாளிக்கலாம். ஆனா இனி இப்படி நடக்கப்படாது."

"நடக்காது மேடம்." ஜெனூபா எழும்பவில்லை. "இன்னொண்டும் சொல்லணும். நான் படிச்ச ஆள் இல்ல. பிழையா இருந்தா மன்னிச்சிக்கோங்க."

"சொல்லுங்க."

அவள் கைப்பையிலிருந்து ஒரு கட்டுப்பல் செட்டை எடுத்து மேசையில் வைத்தாள். மேல் செட்டும் கீழ் செட்டும். பழைய கிளினிக்கில் இரவல் வாங்கி வந்தது.

"எங்கட வாயில மேல் பல்லு வெளியால, கீழ் பல்லு உள்ளால. கடிக்கிற நேரம் மேல் பல்லு உள் பக்கம் தேயும், கீழ் பல்லு வெளிப் பக்கம் தேயும். கட்டுப்பல்லுலயும் அப்பிடித்தான், பத்து வருசம் பாவிச்ச செட்டப் பார்த்தாத் தெரியும். ராத்தாக்கும்..." அவள் நிறுத்தினாள். "ஏ.என். 14க்கும் அப்பிடியா மேடம்?"

"இந்த வகைக்கு ஓம். அப்படித்தான்."

"புதுப் பல்லு நாக்குப் பக்கத்தாலதான் வரும் எண்டு நீங்க சொன்னயள். இந்தத் துண்டுல புதுப் பல்லு இந்தப் பக்கம் இரிக்கி. அப்ப இது நாக்குப் பக்கம். தேஞ்சதும் இதே பக்கந்தான். கீழ்த்தாடை எண்டா மத்தப் பக்கமெல்லோ தேஞ்சிரிக்கணும்?"

பேராசிரியர் எழும்பி, தாடையை எடுத்து நுண்ணோக்கிக்கு அடியில் வைத்தார். ஒரு நிமிடம். ஐந்து நிமிடம். கட்டுப்பல் செட்டின் இரண்டு பாதியையும் எடுத்துக் கடிக்க வைத்துப் பார்த்தார். மறுபடி நுண்ணோக்கியில் குனிந்தார்.

"மேல்தாடை" என்றார். நிமிரவில்லை. "இது மேல்தாடை. இடதுபக்கம். நான் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துட்டுக் கீழ்த்தாடை எண்டு எழுதி, அதை வச்சி இந்தியாவில கிடைச்சதோட சேர்த்திருக்கன். படம் எனக்கு வந்து ரெண்டு கிழமை. திருப்பிப் பார்க்கணும் எண்டு தோணல்ல, கோபத்தில இருந்தன்."

பவிதரன் மெதுவாகக் கேட்டார். "அப்ப இந்திய இனம் இல்லையா?"

"அதோட மேல்தாடை வேற மாதிரி. இது அது இல்ல." இப்போது நிமிர்ந்தார். நேராக ஜெனூபாவைப் பார்த்தார். "இதுக்கு இன்னும் ஒருத்தரும் பேர் வைக்கல்ல."

கனகரெத்தினம் சுவர்ப்பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினார். ஜெனூபா கட்டுப்பல் செட்டை எடுத்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

*

உறுதிப்படுத்த உள்ளே பார்க்க வேண்டும் என்றார் பேராசிரியர். தாடைக்குள் இன்னும் முளைக்காமல் கிடக்கும் பற்களைச் சீடி ஸ்கேன்தான் காட்டும். கல்முனையில் ஒரு தனியார் வைத்தியசாலை, ஞாயிறு பின்னேரம் நோயாளிகள் இல்லாத நேரத்தில் வரச் சொன்னது. நஸீம் ஓட்டோ பிடித்து வந்தான். பின் இருக்கையில் பேராசிரியரும் ஜெனூபாவும். நடுவில், தலையணைக்குள், தாடை. பவிதரனும் கனகரெத்தினமும் மோட்டார் சைக்கிளில் பின்னால் வந்தார்கள். வழியில் ஒவ்வொரு வேகத்தடைக்கும், முன்னால் ஓட்டுநரோடு ஒண்டியிருந்த நஸீம், கிட்டத்தட்ட இறங்கித் தள்ளும் வேகத்தில்தான் போகச் சொன்னான்.

ஸ்கேன் எடுக்கும் தினுஜன் கணினியில் படிவத்தைத் திறந்தான்.

"மேடம், பேர் போடாம அடுத்த பக்கத்துக்குப் போகாது. நோயாளிட பேர் என்ன?"

பவிதரன் பேராசிரியரைப் பார்த்தார். கனகரெத்தினம் கூரையைப் பார்த்தார். ஜெனூபா தலையணையைப் பார்த்தாள்.

"ராத்தா" என்றார் பேராசிரியர் சிவரூபினி.

தினுஜன் தட்டினான். "வயசு?"

"பதினாறு கோடி."

"மூண்டு இலக்கத்துக்கு மேல எடுக்காது மேடம்."

"அப்ப தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது போடுங்க. இளமையாக் காட்டினா ராத்தா கோவிக்க மாட்டா."

பேராசிரியர் சிரித்து அன்றுதான் அவர்கள் பார்த்தார்கள். இயந்திரம் சுழன்றது. திரையில் சாம்பல் நிறத்தில் தாடை துண்டு துண்டாக வந்தது. ஆறு பற்களின் அடியிலும், நாக்குப் பக்கத்தில், வரிசையாகக் குட்டிப் பற்கள். முளைக்கக் காத்திருந்து, காத்திருந்தபடியே கல்லாகிப் போனவை. தினுஜன் எழும்பி நின்று பார்த்தான். தாடையின் மேல் பக்கத்தில் மூக்குக் குழியின் ஓரமும் தெளிவாகத் தெரிந்தது. கீழ்த்தாடையில் மூக்குக் குழி இருக்காது.

"முடிஞ்சிது. சந்தேகமே இல்ல" என்றார் பேராசிரியர். பிறகு ஜெனூபாவின் தோளில் கை வைத்தார். "கட்டுரையில பல்லைப் பற்றின பகுதியை நீங்க சொல்லுங்க, பவிதரன் எழுதுவார். எழுத்தாளர் வரிசையில உங்கட பேரும் வரும். நன்றி சொல்லுற பகுதியில இல்ல. வரிசையில."

நஸீம் வாசலில் நின்று இதைக் கேட்டான். கையில் தொலைபேசி இருந்தது. அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

*

கட்டுரை எழுத ஐந்து மாதம் போனது. விஞ்ஞானப் பேராக எதை வைப்பது என்று ஐந்து பேரும் பேசினார்கள். ராத்தா என்பதையே லத்தீன் வடிவில் வைக்கலாமா என்று கேட்டவர் பேராசிரியர்தான். எல்லாரும் ஜெனூபாவைப் பார்த்தார்கள். அவள் யோசித்துவிட்டு வேண்டாம் என்றாள்.

"ராத்தா எண்டது வீட்டுக்குள்ள கூப்பிடுற பேர் மேடம். எங்கட ஆக்களுக்கு எல்லாம் வீட்டுப் பேர் ஒண்டு, பதிவுப் பேர் ஒண்டு இரிக்கி. பதிவுப் பேரை ஊரெல்லாம் சொல்லட்டும். வீட்டுப் பேர் நமக்கு இரிக்கட்டும்."

அப்படியே தீர்மானமானது. ஆனால் பவிதரன் கட்டுரைக்குள் ஒரு வரி சேர்த்தார்: ஆய்வுக் காலம் முழுவதும் இந்த எலும்புக்கூடு 'ராத்தா' என்று அழைக்கப்பட்டது; கிழக்குக் கரை முஸ்லிம்களின் தமிழில் அதற்கு மூத்த சகோதரி என்று பொருள். பேராசிரியர் அந்த வரியை வெட்டவில்லை.

பதிவுப் பேர் என்ன என்பதை இங்கே சொல்ல முடியாது. கட்டுரை ஏற்கப்பட்டுவிட்டது, அச்சில் வரும் நாள் இன்னும் வரவில்லை. ஜெனூபாவுக்குத் தெரியும். நஸீமுக்கும் தெரியும்.

கட்டுரையை அனுப்புவதற்கு இணையத்தில் ஒரு படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. ஒவ்வொரு எழுத்தாளரின் பேருக்கும் பக்கத்தில் அவர் நிறுவனம். பவிதரனுக்கும் கனகரெத்தினத்துக்கும் வளாகம், பேராசிரியருக்கும் அவரோடு வந்த ஆராய்ச்சியாளருக்கும் அருங்காட்சியகம். ஜெனூபாவின் ஒப்பந்தம் முந்தின மாதமே முடிந்திருந்தது. நிறுவனம் என்று எழுத ஒன்றுமில்லை. கட்டம் வெறுமையாக இருந்தால் படிவம் நகரவில்லை.

"வளாகத்தைப் போடட்டா?" என்று பவிதரன் பேராசிரியரிடம் தொலைபேசியில் கேட்டார்.

"ஏன்? அவவுக்கு வீடு இல்லையா? ஊர் இல்லையா? அதைப் போடுங்க."

ஊரின் பேரை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்பது அடுத்த பிரச்சினையானது. தபாற்கந்தோர்ப் பலகையில் ஒரு மாதிரி, பஸ்ஸில் ஒரு மாதிரி, பாடசாலை வாசலில் இன்னொரு மாதிரி. பவிதரன் ஒன்றைத் தட்டினார். ஜெனூபா இல்லை என்றாள். கனகரெத்தினம் தனக்குத் தெரிந்த ஒன்றைச் சொன்னார். அதையும் இல்லை என்றாள். கடைசியில் அவளே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒரு விரலால், ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினாள். தட்டி முடித்து ஒருமுறை வாய்விட்டு வாசித்தாள். சாய்ந்தமருது.

ஏற்கப்பட்ட கட்டுரையின் முதற் பக்கத்தைப் பவிதரன் அச்செடுத்துக் கொடுத்தது ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு. தலைப்பின் கீழே ஐந்து பேர்கள். நான்காவது அவளுடையது. பேரின் தோளில் சின்னதாக ஒரு 3. பக்கத்தின் அடியில் 3 என்ற இலக்கத்துக்கு நேரே அவள் ஊரும் நாடும்.

அவள் அதை நெடுநேரம் பார்த்தாள்.

"சேர், இத வாசிக்கிற ஆக்கள் எந்த நாட்டு ஆக்கள்?"

"எல்லா நாடும். டைனோசர் படிக்கிற எல்லாரும் வாசிப்பாங்க."

"அப்ப, இந்த ஊர் எங்க இரிக்கி எண்டு தேசப்படத்துல தேடுவாங்க."

"கட்டாயம் தேடுவாங்க" என்றார் பவிதரன்.

ஜெனூபா தாளை மடிக்காமல், இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வாசலில் நின்ற ஓட்டோவுக்கு நடந்தாள்.